பிலோமியின் உறக்கம்

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது. பல் டாக்டரின் வாசலில் அது அபூர்வம். கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது?

நான் உள்ளே ஒரு பெண்ணுக்குக் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த சுஜா எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள்.

“ஒரு ஆளு இருந்து உறங்குது டாக்டரே. கொறட்டயக் கேக்கலியா? நான் கீழ லாரி ஏதோ ஸ்டார்ட் பண்ணிப் போட்டிருக்குன்னுல்லா நெனச்சேன்.”

வேலை முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவருகே போனேன். பருத்த உடம்புக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்தபடி உறங்கிக்கொண்டிருந்தார். சட்டையில் மீன் வாடையும் ஐஸ் கரைந்த ஈரமும். கீழே பஸ் ஸ்டாண்டில் ஹாரன்கள் அலறின. அவற்றையெல்லாம் அமுக்கிக்கொண்டு எழுந்தது அவருடைய குறட்டை. பள்ளிச் சீருடையில் வந்திருந்த ஒரு பெண் பிள்ளை அம்மாவின் தோளில் முகம் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று குறட்டை நின்றது. அந்த நிசப்தத்துக்கும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய நெஞ்சும் வயிறும் ஏறி ஏறி இறங்கின. காற்று மட்டும் உள்ளே போகவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

பக்கத்தில் இருந்த பெண், கொல்லங்கோட்டுக்குப் போகும் பஸ் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை என்று இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை. புறங்கையால் அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். அவர் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவரைப் போல ஒரு மூச்சை இழுத்தார். குறட்டை மறுபடி தொடங்கியது. அவள் பஸ்ஸைப் பற்றிய பேச்சைத் தொடர்ந்தாள்.

களியக்காவிளையில் மாடி அறை ஒன்றைப் பிடித்துக் கிளினிக் திறந்ததை இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அந்த மாடிப்படி ஏறி வந்தவர்களில் இந்த இருவரைப் பற்றி எழுதாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அவர் பெயர் சேவியர். அவள் அவருடைய மனைவி பிலோமி.

தொண்டையில் என்ன வேலை?

ஒரு வாசகி கேட்டிருந்தார்: “நீங்கள் பல் டாக்டர்தானே? நாக்கையும் தொண்டையையும் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்?”

நியாயமான கேள்வி. எனக்கும் முதலில் பல் மட்டும்தான் தெரிந்தது. சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் மருத்துவ முகாம்கள் நடந்தன. கல்லூரி முடித்த சூட்டில் நானும் போனேன். கோயில் மண்டபத்தில் எனக்கென்று ஒரு பெஞ்சைப் போட்டுக் கொடுத்தார்கள். பல்வலி என்று யாரும் வரவில்லை. வீடே போன பிறகு பல் யாருக்கு ஞாபகம் வரும்?

சும்மா இருக்க வேண்டாம் என்று, மற்ற டாக்டர்களுக்காகக் காத்திருந்தவர்களின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரண்டு ஓரங்கள், நாக்கின் அடி, அண்ணம், தொண்டை. அன்றைக்குப் பார்த்தது ஒன்றும் பாடப் புத்தகப் படம்போல இல்லை. சிலருக்கு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. சிலருக்குக் கன்னத்துக்குள் வெள்ளை வெள்ளையாகப் படலம். அலையில் மகளைப் பறிகொடுத்த ஒருவருக்கு நாக்கின் அடியில் ஆறாத, தடித்த புண் இருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார். “இனி எதுக்கு பிள்ளே?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து என் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், பல்லைத் தொடும் முன்னால் மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். அப்படிப் பார்த்தால் மனிதர்கள் பிழைத்துவிடுவார்கள் என்று அந்த வயதில் நம்பினேன்.

தேய்ந்த பற்கள்

சேவியர் வந்தது பல் கூச்சத்துக்காக. துறைமுகத்திலிருந்து மீனை ஏற்றிக்கொண்டு களியக்காவிளைச் சந்தைக்கும், எல்லை தாண்டிக் கேரளத்துச் சந்தைகளுக்கும் மினி லாரி ஓட்டுபவர். வாயைத் திறந்தார். கடைவாய்ப் பற்கள் எல்லாம் அரம் வைத்துத் தேய்த்ததுபோலத் தட்டையாகக் கிடந்தன. நாக்கு வாயை அடைத்துக்கொண்டு பெரிதாக இருந்தது. அதன் ஓரங்களில் பற்களின் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. “ஆ” சொல்லச் சொன்னேன். உள்நாக்கும் தொண்டையும் கண்ணுக்கே தெரியவில்லை.

“உறக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?”

“எனக்கெப்படித் தெரியும் டாக்டரே? நான்தான் உறங்கியில்லா கெடப்பேன்” என்று சிரித்தார். சிரிக்கும்போது நல்ல அழகு.

கதவோரம் நின்ற பிலோமிதான் பதில் சொன்னாள். “கடிப்பாவ. அது மட்டுமா? மூச்சு நிக்கும். நான் தட்டுவேன், வரும். பின்னயும் நிக்கும். பின்னயும் தட்டுவேன்.”

“எத்தன காலமா?”

“மோளு ஜெனிட்டா பால்குடிப் பிள்ளையா இருக்கும்போ தொடங்கினது. அவ இப்பம் நர்சிங் படிக்கா.”

நான் அவளையே பார்த்தேன். முகத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கருமை, இரண்டு விரலால் மை அப்பியதுபோல.

“அப்பம் நீங்க எப்ப உறங்குவிய?”

இந்தக் கேள்வியை அவளிடம் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். சேவியரைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

“அவிய வண்டிக்குப் போன பொறவு கொஞ்சம் கண்ண மூடுவேன். ஆனா வண்டி ஓட்டும்போ உறங்கீருவாவளோன்னு நெனப்பு வரும். பின்ன எங்க உறங்க?”

அவள் பயம் வீண் இல்லை. குழித்துறைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒருமுறை வண்டியை உரசியிருக்கிறார். ஐஸ் பெட்டி சரிந்ததே ஒழிய ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. “மழ பெஞ்சு ரோடு வழுக்கிச்சு” என்று சேவியர் சொன்னார்.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன, மூச்சுத் திணறும்போதெல்லாம் மூளை அரைகுறையாக விழித்துக்கொள்கிறது, அதனால்தான் பகலில் உட்கார்ந்த இடத்தில் உறங்குகிறார், இருதயத்துக்கும் கேடு என்று விளக்கினேன். திருவனந்தபுரத்தில் ஒரு நாள் தங்கிச் செய்கிற சோதனை இருக்கிறது என்றும் சொன்னேன்.

“கொறட்டைக்கி ஆஸ்பத்திரியா?” என்றார் சேவியர். “வெளிய பறஞ்சா நாட்டுக்காரன் சிரிப்பான். லாரி ஓனர் அறிஞ்சா சாவிய வாங்கி வச்சிருவாரு. ஏட்டி, நீ கேட்டியா இத?”

“கேட்டேன்” என்றாள் பிலோமி. “போவோம்.”

முறுக்கான்

அன்றைக்கே அவளையும் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். காரணம் இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து மெல்வதை எங்கள் பக்கம் முறுக்கான் என்பார்கள். பேசும்போது அவள் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டாலும் அந்த வாடை மறையவில்லை.

“எனக்கொரு கொறயும் இல்ல. நான் அவியளுக்குத் தொணைக்கி வந்தது.”

“பாக்க மட்டும்தான். குத்தவோ பிடுங்கவோ மாட்டேன்.”

அடுத்த முறை வந்தபோதும் இதே பதில். நானும் விடவில்லை. கடைசியில் ஒரு நாள், என் தொந்தரவு பொறுக்காமல் உட்கார்ந்தாள். இடது கன்னத்தின் உள்ளே, புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில், துடைத்தால் போகாத வெள்ளைப் படலம் இருந்தது. நாக்கின் இடது ஓரத்திலும் அதே வெள்ளை.

“எப்பம் தொடங்கினது இந்தப் பழக்கம்?”

அவள் எழுந்து உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். சேவியர் வெளியே இருந்தார். குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டுல ஒருத்தரும் பொயில தொட மாட்டாவ டாக்டரே. எனக்கும் அதுக்க மணமே பிடிக்காது” என்றாள் மெல்லிய குரலில். “ஒருக்க நான் நல்லா உறங்கிப் போனேன். முழிச்சுப் பாத்தா அவிய நீலம் பாரிச்சுக் கெடந்தாவ. உலுக்கி உலுக்கி எழுப்பினேன். அதுக்குப் பொறவு எனக்குக் கண்ண மூடவே பேடியாயிப் போச்சு. பக்கத்து வீட்டு அக்கா சொன்னா, பொயில அடக்கிக்க, உறக்கம் அண்டாதுன்னு. அப்படித் தொடங்கினதாக்கும்.”

நான் டாக்டராக என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொன்னேன். இது இன்னும் புற்று ஆகவில்லை, ஆனால் ஆகலாம், புகையிலையை இன்றே நிறுத்தவேண்டும், தவறாமல் வந்து காட்டவேண்டும்.

“நிறுத்தினா உறங்கிப் போவேனே டாக்டரே” என்றாள்.

அவருடைய மூச்சைச் சரி செய்யாமல் அவளுடைய வாயைச் சரி செய்ய முடியாது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எந்தப் பாடத்திலும் இரண்டு நோயாளிகளை ஒரே நோயாளியாகப் பார்க்கச் சொல்லித் தந்ததில்லை.

துபாய் மிஷின்

சோதனையில் நான் நினைத்ததைவிட மோசம் என்று தெரிந்தது. மூக்கில் முகமூடிபோல மாட்டிக்கொண்டு, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் மிஷின் ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். புதிதாக வாங்க அவர்களால் முடியாது. பிலோமியின் அண்ணன் துபாயில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டுப் பெரியவருக்கும் இதே நோய். அவர் புது மிஷின் வாங்கியபோது பழையதைக் கேட்டு வாங்கி, விடுமுறைக்கு வரும்போது போர்வைக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். திருவனந்தபுரத்து டாக்டர் அதைச் சரிபார்த்து, காற்றின் அளவை மாற்றிக் கொடுத்தார்.

“ஆனத் தும்பிக்கைய மாட்டிக் கெடக்குற மாரி இருக்கு” என்று சேவியர் குறைப்பட்டார். ஆனாலும் மாட்டினார். பிலோமி மாட்ட வைத்தாள்.

ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து அவள் தனியாக மாடியேறி வந்தாள். சந்தைக்கு வந்த வழியில் வந்ததாகச் சொன்னாள்.

“என்ன பிலோமி, வாயில ஏதாவது?”

“இல்ல டாக்டரே. நான் உறங்கினேன். அதச் சொல்லத்தான்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் பற்களைக் காட்டிச் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

அந்த ஒன்றரை வருடமோ என்னவோ, அதுதான் அவர்களுடைய நல்ல காலம். சேவியர் உட்கார்ந்த இடத்தில் உறங்குவது நின்றது. முகத்தின் வீக்கம் வடிந்தது. பிலோமி புகையிலையை விட்டாள். வரும்போதெல்லாம் நான் சொல்லாமலே நாற்காலியில் ஏறி வாயைத் திறப்பாள். கன்னத்து வெள்ளை மெலிந்துகொண்டே வந்தது. நாக்கின் ஓரத்தில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

மாதா கோயிலிலிருந்து ஒருமுறை சிதறால் மலைக்குச் சுற்றுலா போயிருக்கிறார்கள். வந்து சொன்னாள்.

“மேல சிலையெல்லாம் இருக்குல்லா, அந்தப் பாறையில நல்ல காத்து. சும்மா சரிஞ்சேன், உறங்கிப் போனேன். எல்லாவரும் என்னத் தேடிட்டு நடந்தாவளாம். அவிய வந்து எழுப்பும்போ எனக்கு எந்த ஊருன்னே தெரியல.”

“கனவு கண்டாளாம்” என்றார் சேவியர் கேலியாக. “கல்யாணம் கழிஞ்ச பொறவு இப்பம்தான் கனவு வருதாம் அவளுக்கு.”

இருவரும் சிரித்துக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். சுஜா என்னைப் பார்த்து, “டாக்டரே, ஒரு ஜோலி உருப்படியாச் செஞ்சிருக்கோம், இல்லியா?” என்றாள். ஆமாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கரண்டு இல்லாத காலம்

பிறகு அந்த மின்வெட்டுக் காலம் வந்தது. தமிழ்நாட்டில் அன்று இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது. பகலும் அப்படித்தான், இரவும் அப்படித்தான். என் கிளினிக்கில் பல்லைக் குடைந்துகொண்டிருக்கும்போதே டிரில் நின்றுவிடும். நோயாளி வாயைத் திறந்தபடி இருட்டில் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், விளக்கு எரிவதை மாடி ஜன்னலிலிருந்து பார்க்கலாம். அதைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விடுவோம்.

எனக்கு அது தொந்தரவு. பிலோமிக்கு அது தொந்தரவு மட்டும் இல்லை.

கரண்டு போனால் மிஷின் நின்றுவிடும். சேவியருக்குத் தெரியாது. அவர் முகத்தில் முகமூடியோடு உறங்கிக்கொண்டிருப்பார். அவள்தான் விழித்து அதைக் கழற்றவேண்டும். கரண்டு வரும்வரை அவர் மூச்சைக் கவனிக்கவேண்டும். வந்ததும் திரும்ப மாட்டவேண்டும். பழைய இன்வெர்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். உப்புக்காற்றில் அது சீக்கிரமே செத்தது.

அவள் அதிகம் வருவது நின்றது. வந்த ஒரு நாள், சேலைத் தலைப்பு மறுபடி வாய்க்கு மேல் இருந்தது. அவளே சொன்னாள்.

“வேற வழி இல்ல டாக்டரே. கரண்டு எப்ப போவும்னு தெரியாதே.”

“சேவியருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா, இதுனாலதானேன்னு மிஷினத் தூக்கி எறிஞ்சிருவாவ. சொல்லாதீங்க.”

மகள் ஜெனிட்டா அதற்குள் நர்சாகி குவைத்துக்குப் போயிருந்தாள். புது இன்வெர்ட்டருக்கு அவள் ஏற்பாடு செய்துவிட்டதாகச் சொன்னாள் பிலோமி. செய்யத்தான் செய்தாள். அது வந்து சேர்ந்தபோது பிலோமியின் நாக்கில் புண் வந்துவிட்டிருந்தது.

மீன் முள் குத்தியது என்று எண்ணி, தேனும் மஞ்சளும் தடவிக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்காலியில் ஏறியதும் வழக்கம்போல அவளாகவே வாயைத் திறந்தாள். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, புண்ணைச் சுற்றி விரலால் அழுத்தினேன். சதை கல்லாக இருந்தது. தாடைக்கு அடியில் ஒரு கட்டி உருண்டது.

டார்ச்சை அணைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நாள் என்னிடம் வாயைக் காட்டிக் காட்டி, என் முகத்தைப் படிக்க அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

“அதுதானா?” என்று கேட்டாள்.

“சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியும்” என்றேன்.

“அவியளுக்கு ஆரு மாட்டிக் குடுப்பா?” என்றாள் அடுத்தபடியாக. அழவில்லை. உண்மையாகவே பதில் வேண்டிக் கேட்டாள்.

கடற்கரை வீடு

திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நாக்கில் பாதியை எடுத்தார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். தலைமுடி மெலிந்து, கழுத்துக் கறுத்துத் திரும்பி வந்தாள். பேச்சு குழறியது. சேவியருக்கு மட்டும் புரிந்தது. அவர் லாரியை விட்டுவிட்டு அவளோடேயே இருந்தார். சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தாள். நானும் கணக்கெல்லாம் போட்டு, பிழைத்துவிடுவாள் என்று சுஜாவிடம் சொன்னேன்.

தொண்டையில் மறுபடி வளர்ந்தது. மூச்சுப் பாதையை அடைத்தது. கழுத்தில் துளை போட்டு, மூச்சு விட ஒரு குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி செய்ய ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. சுவரின் காரை உப்பில் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பிலோமி தலையணைகளில் சாய்ந்து கிடந்தாள். கழுத்துக் குழாயில் மூச்சு கீச்சிட்டது. சளி சேரும்போதெல்லாம் சேவியர் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, காலால் மிதிக்கிற பம்பினால் அதை இழுத்து எடுத்தார். அந்தத் தடித்த விரல்கள் அவ்வளவு பதனமாக வேலை செய்யும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அவர் நின்றுகொண்டே இருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. முகம் மறுபடி வீங்கியிருந்தது. கண்கள் சிவந்து சொருகின.

“மிஷின் மாட்டுகியளா?” என்று கேட்டேன்.

“மாட்டினா இவளுக்க சத்தம் கேக்காது டாக்டரே.”

“ஜெனிட்டா லீவுல வந்திருக்காளே. அவ பாத்துக்கிடட்டும், நீங்க கொஞ்சம்...”

“பாப்பா. அவளும் நர்சுதானே. ஆனா என்னால படுக்க முடியல. இருந்தா உறங்கீருவேன். அதனால நிக்கேன்.”

பிலோமி கையை அசைத்து என்னைக் கூப்பிட்டாள். என் விரலைப் பிடித்தாள். பிறகு அவரைச் சுட்டிக் காட்டி, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்தாள். அவரை உறங்கச் சொல்லுங்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன். அவர் தலையாட்டினார். நின்றுகொண்டேதான் இருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம், ஜெனிட்டா மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், பிலோமி இறந்தாள்.

செய்தி கேட்டுப் போனபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜெனிட்டா என்னைக் கையைப் பிடித்து வெளியே, வள்ளங்கள் கவிழ்த்துப் போட்டிருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

“டாக்டர், நான் வந்து பாக்கும்போ அப்பா தரையில இருந்து, கட்டில்ல தல சாச்சு உறங்கிட்டு இருந்தாரு. நல்ல கொறட்ட. அம்மா போயிருந்தா. குழாயில ரத்தம் அடச்சிருந்து. அம்மாவுக்க கை அப்பாவுக்க தலையில கெடந்து. அம்மா எழுப்பிருக்கா டாக்டர். தட்டித் தட்டிப் பாத்திருக்கா. அவரு எந்திரிக்கல.”

“அப்படி இருக்காது ஜெனி. உறங்கட்டும்னு தடவிக் குடுத்திருப்பா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? அவருடைய முடியின் மேல் கிடந்த அந்தக் கை எதற்காகப் போனது என்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. ரத்தக்குழாய் அரித்து உடைந்திருக்கும், விழித்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்கிற வார்த்தையைச் சொன்னேன். அவளும் நர்ஸ். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் என் கையை விட்டுவிட்டுக் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அடக்கம் முடியும்வரை அவள் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லறைத் தோட்டத்து மணலில் சேவியர் தனியாக நின்றார். அவர் தோளில் கை வைக்க யாரும் வரவில்லை. கை வைத்திருந்தால் தட்டிவிட்டிருப்பார் என்றும் தோன்றியது.

அதன் பிறகு

ஒரு வருடம் இருக்கும். பல் ஆடுகிறது என்று சேவியர் வந்தார். லாரியை விட்டவர் விட்டவர்தான், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னார். ஜெனிட்டா குவைத்திலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறாள், போன் மட்டும் செய்வதில்லை.

வாயைப் பார்த்தேன். பற்கள் இன்னும் தேய்ந்திருந்தன. நாக்கின் ஓரத்தில் பல்லின் தடம் ஆழமாக இருந்தது. ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னேன். சுஜா எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையே போதுமானதாக இருந்தது.

“மிஷின் கேடாயிப் போச்சா?”

“இல்ல. இருக்கு.”

“கரண்டு இப்ப ஒழுங்காத்தானே வருது. பின்ன ஏன் மாட்டல? உங்க உசுருக்கு ஆபத்தாக்கும் சேவியர். நான் பேடிப்படுத்துகதுக்குச் சொல்லல.”

அவர் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்தார். கோபப்படுகிறாரோ என்று நினைத்தேன். கோபமில்லை. எனக்குப் புரியும்படி சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

“அத மாட்டினா நல்லா உறங்கீருவேன் டாக்டரே. அடிச்சுப் போட்ட மாரி உறங்குவேன். காலத்த எந்திரிக்கும்போ ஒண்ணும் ஓர்ம இருக்காது. பிலோமி, தண்ணி கொண்டான்னு விளிப்பேன். பொறவுதான் தெரியும். ஒவ்வொரு நாளும் அவ அன்னைக்கிதான் செத்த மாரி இருக்கும். மாட்டலன்னா அரகொற உறக்கம். முழிச்சு முழிச்சுக் கெடப்பேன். அவ இல்லங்கது ராத்திரி முழுக்கத் தெரிஞ்சிட்டே இருக்கும். காலத்த புதுசாட்டு ஒண்ணும் தெரிய வேண்டாம். எனக்கு இதாக்கும் சொகம்.”

அவருக்குச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. இருதயம், மூளை, பக்கவாதம், எல்லாம் படித்ததுதான். மகள் ஒரு நாள் பேசுவாள், அதுவரையாவது இருக்கவேண்டாமா என்றுகூடச் சொல்ல நினைத்தேன்.

மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லை எடுத்தேன். பஞ்சை வைத்து, அரை மணி நேரம் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னேன். சரி என்று தலையாட்டினார். பஞ்சைக் கடித்தபடி படியிறங்கி, பஸ் ஸ்டாண்டின் கூட்டத்துக்குள் போனார். அவருக்குப் பின்னால் காத்திருந்த பெண்ணை உள்ளே வரச் சொன்னேன். அவள் முறுக்கான் வாடையடிக்கும் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினாள். டார்ச்சை எடுத்த என் கை அவள் வாயருகே போகாமல் சற்று நேரம் அப்படியே நின்றது.